விளம்பரத்துக்குப் போகும் பிள்ளை

தீபாவளி ஜவுளி விளம்பரத்தில் பட்டுப்பாவாடையோடு ஓடிவரும் சிறுமியைப் பார்த்து, "நானும் இதுல வரணும்மா" என்று ஏழு வயதுப் பெண் கேட்பது ஒரு வகை. "இவளை விளம்பரத்துல போட்டா எப்படி இருப்பா!" என்று கல்யாண வீட்டில் அத்தை சொன்னதை அம்மா பிடித்துக்கொள்வது இன்னொரு வகை. இந்த அத்தியாயம் முதல் வகைக்காக எழுதப்பட்டது. இரண்டாம் வகைப் பெற்றோர் அத்தைக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

ஆசை பிள்ளையுடையதுதானா என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விறைப்பான புதுத்துணி ஒன்றைப் போட்டுவிட்டு, ஜன்னல் ஓரம் நிற்கவைத்து, ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரிக்கச் சொல்லி அரை மணி நேரம் செல்போனில் படமெடுங்கள். நடுவில் பத்து நிமிடம் சும்மா காக்கவையுங்கள். திரும்பவும் எடுங்கள். அதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வேலை பொருந்தும். கழுத்தைச் சொறிந்துகொண்டு "போதும்மா" என்று நகர்கிற பிள்ளைக்கு விளம்பரத்தில் வருவதுதான் பிடிக்கும், விளம்பரத்தில் நடிப்பது பிடிக்காது. அதில் தவறொன்றும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான்.

சென்னையில் இந்த வேலை எப்படி இருக்கிறது

நம் ஊரில் குழந்தைகளுக்கான மாடலிங் என்பது பெரும்பாலும் நான்கு வகை வேலைகள். ஜவுளிக்கடை, நகைக்கடைகளின் பண்டிகை விளம்பரங்கள். பிஸ்கட், பால், சோப்பு, நோட்டுப்புத்தகம் மாதிரியான பொருள்களின் விளம்பரப் படங்கள். பள்ளி, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றுக்கான படங்கள். கடைசியாக, ஆன்லைனில் துணி விற்பவர்களுக்கான கேட்டலாக் ஷூட். படப்பிடிப்பு வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டுடியோக்களிலும் ஈசிஆர் பங்களாக்களிலும் நடக்கும். விளம்பரப் பட நிறுவனம் நேராக உங்களைத் தேடி வராது. நடுவில் கோஆர்டினேட்டர் ஒருவர் இருப்பார். "ஆறு வயசுப் பையன், முன்பல் விழுந்திருக்கணும், நாளைக்கே வேணும்" என்று வாட்ஸாப் குழுவில் அவர் போடும் செய்தியில்தான் எல்லாம் தொடங்குகிறது.

"நாளைக்கே" என்பதைக் கவனியுங்கள். இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூட நாட்காட்டி தெரியாது. தீபாவளி விளம்பரங்கள் காலாண்டுத் தேர்வை ஒட்டி எடுக்கப்படும். பொங்கல் விளம்பரங்களை எடுக்கும்போது அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கான பை, சீருடை, ஷூ விளம்பரங்கள் மட்டும்தான் கோடை விடுமுறையில் வரும். தேர்வு நாள்களில் வேலை இல்லை என்ற விதியை முதல் வாய்ப்பு வருவதற்கு முன்பே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள். வாய்ப்பு வந்த பிறகு பேசினால் விதி தோற்றுவிடும்.

பணம் எந்தப் பக்கம் போகிறது

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மாடலிங்கில் பணம் விளம்பரம் கொடுப்பவரிடமிருந்து பிள்ளைக்கு வரும். பிள்ளை வீட்டிலிருந்து யாருக்கும் போகாது. கோஆர்டினேட்டர் கமிஷன் எடுப்பார். அதுவும் பிள்ளைக்கு வந்த பணத்திலிருந்துதான்.

மோசடிகள் எல்லாம் இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுவதில்தான் நடக்கின்றன. மால் ஒன்றில் நடந்துகொண்டிருப்பீர்கள். பேட்ஜ் மாட்டிய இளைஞர் ஒருவர் வந்து, "மேடம், பாப்பா ரொம்ப ஃபோட்டோஜெனிக்" என்று எண்ணை வாங்கிக்கொள்வார். இரண்டு நாள் கழித்து ஆடிஷன் என்று ஏதாவது ஓட்டல் அறைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே ஐம்பது குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஐம்பது பிள்ளைகளும் செலக்ட் ஆகியிருப்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு தொகை, க்ரூமிங் வகுப்புக்கு ஒரு தொகை. "இது ரீஃபண்டபிள்தான் மேடம்" என்ற வாக்கியமும் வரும். இன்னொரு வகை, குழந்தைகளுக்கான ஃபேஷன் ஷோ. நுழைவுக் கட்டணம், உடைக்குத் தனிக் காசு, மேடையில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பட்டம், தலையில் ஒரு கிரீடம். பிறந்தநாள் கொண்டாட்டம் மாதிரி நினைத்துச் செலவழித்தால் சரி. அதை மாடலிங் அனுபவம் என்று எந்த விளம்பர இயக்குநரும் எண்ணிக்கொள்ள மாட்டார். மூன்றாவது வகை போனிலேயே முடிந்துவிடும்: பெரிய கம்பெனி ஷூட், கோவாவில், டிக்கெட்டுக்கு மட்டும் முன்பணம் அனுப்புங்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

போர்ட்ஃபோலியோ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்தில் பல் விழுந்து, உயரம் கூடி, முகமே மாறிவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்த ஆல்பம் வேறு யாரோ ஒரு பிள்ளையின் ஆல்பமாகிவிடும். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், பவுடர்கூட இல்லாமல் எடுத்த நான்கு செல்போன் படங்கள் போதும்: முகம், முழு உருவம், பக்கவாட்டு, சிரிப்பு. கூடவே பெயரையும் ஊரையும் சொல்லி, ஏதாவது பேசுகிற அரை நிமிட வீடியோ. உயரம், ஷூ அளவு, தெரிந்த மொழிகள் இவற்றை எழுதுங்கள். பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, பள்ளிச் சீருடையில் எடுத்த படம் ஆகியவற்றை அனுப்பாதீர்கள். வயதுக்குச் சான்று கேட்டால் முதலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தம் வரும் கட்டத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் கொடுக்கலாம். "பாடி ஸ்ட்ரக்சர் பார்க்கணும்" என்று துணி குறைவான படம் கேட்பவரிடம் பேச ஒன்றும் இல்லை. அந்தச் செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான இந்த உதவி எண் இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும்.

நிராகரிப்பும் நிறமும்

ஆடிஷனுக்குப் போகிற பிள்ளை பெரும்பாலும் தேர்வாகாது. காரணம் பிள்ளையிடம் இருப்பதில்லை. விளம்பரத்தில் அப்பாவாக நடிப்பவரை முதலிலேயே முடிவு செய்திருப்பார்கள். அவருக்கு மகன் மாதிரி இருக்கிற பையனைத் தேடுவார்கள். அக்கா வேடத்துக்கு வந்த பெண் குட்டையாக இருந்தால், தம்பி அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லலாம். ஏழெட்டு வயதில் நன்றாகவே புரியும். "இன்னும் நல்லாச் சிரிச்சிருக்கலாம்ல?" என்று ஆட்டோவில் வரும்போது சொல்வதுதான் காயப்படுத்தும்.

ஒரு காரணத்தை மட்டும் பிள்ளையின் காதில் விழவிடக் கூடாது. நம் தொழிலில் இன்னும் "ஃபேரா வேணும்" என்று வெளிப்படையாகவே செய்தி போடுகிறார்கள். வெயில் கொளுத்துகிற ஊரில், வாங்குபவர்களில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்புமாக இருக்கும் ஊரில், விளம்பரக் குடும்பம் மட்டும் வேறெங்கிருந்தோ வந்தது போல நிற்கும். இந்துஸ்தான் யூனிலீவர் 2020-ல் தன் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. காஸ்டிங் செய்திகளிலிருந்து அது இன்னும் போகவில்லை. அப்படிக் கேட்கிற ஆடிஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகவே வேண்டாம் என்பேன். பவுடரை அப்பிக் கூட்டிப்போவது அதைவிட மோசம். தன் முகத்தில் அம்மா எதை மறைக்கப் பார்த்தாள் என்பது பிள்ளைக்குப் பல வருடம் மறக்காது.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வரும்

14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்குச் சட்டமே தரும் விதிவிலக்குகளில் ஒன்று, விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கும் குழந்தைக் கலைஞர். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தம் இது. சர்க்கஸுக்கு இந்த விலக்கு கிடையாது. விலக்கு சும்மா வரவில்லை. 2017-ல் வந்த விதிகள் நிபந்தனைகளையும் கட்டியிருக்கின்றன. பெற்றோர் இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஷூட்டிங் இடத்தில் இவற்றை நினைவுபடுத்த வேறு ஆள் இருக்கமாட்டார்.

ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளை வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்பு தடைபடாமல் ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் பிள்ளைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்கவைக்கக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் "காலைல ஆறு மணிக்கு வாங்க, பாப்பா போர்ஷன் சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பார்கள். லைட்டிங் முடிய மதியம் ஆகும். ஆகவே தேதி பேசும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: "கலெக்டர் பர்மிஷன் வாங்கியாச்சா? பிள்ளைகளுக்குப் பொறுப்பு யாரு?" பதில் சொல்லத் தெரிந்த கம்பெனி என்றால் பாதி நிம்மதி. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பது பதில் ஆகாது. அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டலாக் ஷூட்டில் இந்தப் பேச்சே எழாது. விதிகள் திரைப்படம், தொலைக்காட்சி மாதிரியான ஒளி-ஒலித் துறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் நாள் முழுதும் நாற்பது உடை மாற்றிக்கொண்டு நிற்கிற பிள்ளைதான் எல்லாரையும்விடக் களைத்துப்போகிறது. அங்கேயும் ஐந்து மணி நேரக் கணக்கையே பிடியுங்கள். எத்தனை உடை என்பதை முன்பே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். இரவு வேலை பற்றியும் ஒரு சொல்: தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், மாலை 7 முதல் காலை 8 வரை பிள்ளைகளுக்கு வேலை வேண்டாம் என்றது. வரைவுதான் என்றாலும் வீட்டு விதியாக வைத்துக்கொள்ள அதைவிட நல்லது இல்லை.

ஷூட்டிங் நாளில்

அம்மாவோ அப்பாவோ, யாராவது ஒருவர் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கடைசிவரை இருக்க வேண்டும். உடை மாற்றும்போது அந்த ஒருவர்தான் கூட இருக்க வேண்டும். காஸ்ட்யூமர் உடையைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கலாம். கேரவனிலோ மேக்கப் அறையிலோ பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு மேனேஜரைப் பார்க்கப் போகாதீர்கள்.

அதே நேரம் கேமராவுக்குப் பின்னால் நின்று நடித்துக் காட்டாதீர்கள். விளம்பர இயக்குநர்களை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான். அம்மா அங்கே கையை ஆட்டிச் சிரித்துக்காட்ட, பிள்ளையின் கண் லென்ஸை விட்டுவிட்டு அம்மாவிடம் போய்விடும். ஒரு டேக் வீண். பிள்ளை யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது குழம்பிப்போகும். நடிப்பை இயக்குநரிடம் விட்டுவிடுங்கள். பசி, தூக்கம், பாத்ரூம், பயம் இந்த நான்கும் உங்கள் இலாகா. யூனிட் சாப்பாடு காரமாக இருக்கலாம். தயிர்சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போங்கள். பிஸ்கட் விளம்பரம் என்றால் பிள்ளை அந்த பிஸ்கட்டை இருபது டேக்கிலும் விழுங்க வேண்டியதில்லை. கடித்ததைத் துப்ப ஒரு கிண்ணம் கேளுங்கள், தருவார்கள்.

அழுகிற காட்சிக்காகப் பிள்ளையைப் பயமுறுத்தி அழவைக்கிற வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அம்மா போய்விட்டாள் என்று பொய் சொல்வார்கள். கையிலிருக்கிற பொம்மையைப் பிடுங்குவார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து செட்டுக்குள் போய்விடுங்கள். அந்த ஷாட் கெட்டால் கெடட்டும்.

குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும், ஒரே வேடத்துக்கு இரண்டு மூன்று பேரை வரவழைப்பார்கள். ஒன்று அழுதால் இன்னொன்று. கூப்பிடும்போதே "எங்க பிள்ளை மெயினா, பேக்கப்பா? பேக்கப்னா பேமெண்ட் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவர்கள் நாள் முழுதும் காத்திருந்துவிட்டு ஆட்டோக் காசோடு திரும்புகிறார்கள்.

காகிதம்

நம் சட்டப்படி 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே கையெழுத்து உங்களுடையது. அந்தக் கையெழுத்தின் கனம் தெரிய வேண்டுமானால், அமெரிக்க நடிகை ப்ரூக் ஷீல்ட்ஸின் வழக்கைப் பாருங்கள். 1975-ல், அவருக்கு 10 வயது இருந்தபோது எடுத்த சில படங்களுக்கு, எப்போது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அவருடைய அம்மா எழுதிக்கொடுத்திருந்தார். வளர்ந்த பிறகு, அந்தப் படங்கள் வெளியே வரக்கூடாது என்று மகள் நீதிமன்றம் போனார். 1983-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அம்மாவின் கையெழுத்து மகளைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அது அந்த ஊர்ச் சட்டம். ஆனால் அன்று அவருடைய அம்மா எழுதிக்கொடுத்த அதே வகை வாக்கியங்கள் இன்று சென்னையில் நீட்டப்படும் ரிலீஸ் ஃபார்ம்களிலும் இருக்கின்றன.

பார்க்க வேண்டியவை இவை. படம் எங்கெல்லாம் வரும்: டிவியா, பத்திரிகையா, ஹோர்டிங்கா, இணையமா? எந்தெந்த மாநிலத்தில்? எத்தனை காலம்? "உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு "ஓராண்டு" என்று எழுதச் சொல்லுங்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடியும் பணம் தரட்டும். போட்டிக் கம்பெனி விளம்பரத்தில் நடிக்கக் கூடாது என்ற பிரிவு இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு? படத்தை மூன்றாம் நபருக்கு விற்கலாமா? இப்போது புதிதாக ஒன்று: பிள்ளையின் முகத்தையோ குரலையோ வைத்து செயற்கை நுண்ணறிவில் புதுப் படம் உருவாக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை எடுத்த முகத்தை வைத்து அடுத்த பத்து விளம்பரத்தைச் செய்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. என்ன பொருளின் விளம்பரம் என்று எழுதாத ஃபார்மில் கையெழுத்தே வேண்டாம். "ஷாட் ரெடி, சீக்கிரம் சைன் பண்ணுங்க" என்று செட்டில் நீட்டினால், முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்து படியுங்கள். லைட் காத்திருக்கும்.

சம்பாத்தியம் யாருடையது

சாப்ளினின் 'தி கிட்' படத்தில் 1921-ல் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, அவர் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரை அம்மாவும் மாற்றுத் தந்தையும் செலவழித்துவிட்டிருந்தார்கள். அவர் வழக்குப் போட்டதன் விளைவாக 1939-ல் கலிஃபோர்னியாவில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. நம் 2017 விதி அதே வழியில் போகிறது: பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகப் போட வேண்டும், மேஜரானதும் பிள்ளைக்கு அது சேரும். இருபது என்பது குறைந்தபட்சம். போக்குவரத்துச் செலவு போக மீதி எல்லாவற்றையும் போட்டுவிடுவதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. வீட்டுக் கடனின் தவணையைப் பிள்ளையின் முகம் கட்டத் தொடங்கிவிட்டால், "எனக்கு வேண்டாம்மா" என்று அது சொல்லும்போது கேட்கிற காது வீட்டில் இருக்காது.

வரி விஷயத்தில் சிறு குறிப்பு. சாதாரணமாக மைனர் பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்ததற்கு அது பொருந்தாது. அது பிள்ளையின் தனி வருமானம். அதனால் பிள்ளை பெயரில் பான் எண் எடுத்துவிடுங்கள். வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள், அதைத் திரும்பப் பெற அது வேண்டும். வைப்புத்தொகைக்கு வரும் வட்டி மட்டும் உங்கள் கணக்கில் சேரும்.

பதினாலு வயதுக்கு மேல்

மேலே சொன்ன குழந்தைக் கலைஞர் விதிகள் 14 வயது நிரம்பியதும் நின்றுவிடுகின்றன. ஐந்து மணி நேரம், ஆட்சியர் அனுமதி, வைப்புத்தொகை எதுவும் அதற்கு மேல் கட்டாயமில்லை. விசித்திரம் என்னவென்றால், ஆபத்து கூடுகிற வயதும் அதுதான். பதினாறு வயதுப் பெண் விளம்பரத்தில் குழந்தையாக நிற்பதில்லை. பெரியவள் போல் உடுத்தி நிற்கிறாள். தனியாக ஆடிஷன் போக ஆசைப்படுவாள். உடம்பைப் பற்றி யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகச் சாப்பாட்டைக் குறைப்பாள். பையன்கள் ஜிம்மில் பவுடர் டப்பாவோடு திரிவார்கள். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் கவனியுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவதையும் தலைமுடி கொட்டுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள். 18 வரை எந்த ஆடிஷனுக்கும் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். வர வேண்டாம் என்று சொல்கிற இடம் போகக்கூடாத இடம்.

ராம்ப் மாடலிங் ஆசைக்கு ஓர் உண்மையை நேராகச் சொல்லிவிடலாம். பெண்களுக்கு 5 அடி 8 அங்குலம், ஆண்களுக்கு 6 அடி என்பதைச் சுற்றித்தான் அங்கே தேர்வு நடக்கிறது. உயரம் இல்லாத பிள்ளைக்கு விளம்பரம், கேட்டலாக், நகை, கை, கூந்தல் மாடலிங் என்று வேறு இடங்கள் உண்டு. உயரம் இருக்கிற பிள்ளைக்கும் அவசரம் வேண்டாம். எல்விஎம்ஹெச், கெரிங் ஆகிய இரண்டு பெரிய பிரெஞ்சு ஃபேஷன் குழுமங்கள், பெரியவர்களுக்கான உடைகளைக் காட்ட 16 வயதுக்குட்பட்டவர்களை எடுக்க மாட்டோம் என்று 2017-ல் எழுதிக் கையெழுத்திட்டன. கெரிங் பிறகு அந்த வரம்பை 18 ஆக்கியது. குச்சி, சாங் லோரான் போன்ற பெயர்கள் அந்தக் குழுமத்தினுடையவை. அந்தக் கதவே 18-ல்தான் திறக்கிறது என்னும்போது, பிளஸ் டூவை விட்டுவிட்டு ஓட ஒரு காரணமும் இல்லை. அதற்குள் ஏதாவது ஏஜென்சி பல ஆண்டு எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தத்தை உங்கள் முன் நீட்டினால், 18 முடிந்ததும் அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.